ஜனவரி ஒன்று

இரவு பத்தரைக்கு மேல்
காந்தி ரோட்டில் ஆட்டோச் சத்தம் அடங்கும்.
அப்போதுதான் உட்கார்ந்தேன் அதன் முன்னால்.
பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது.
மூடியிலிருந்த கோபுரம் தேய்ந்து
அடித்தளம் மட்டும் மிச்சம்.
பேட்டரி செத்து நாலு வருஷம்,
ஒயரைப் பிடுங்கினால் மூச்சு நிற்கும்.
"லாட்ஜுக்கு இது போதும்டா,
இன்னா ராக்கெட்டா வுடப்போற?" என்பார் முனிரத்தினம்.

அப்டேட் கேட்கிறது, மூன்று நாளாக.
பூஜ்யம் விழுக்காடு என்று போட்டுவிட்டு
ஐந்து புள்ளிகள் வட்டமாய் ஓடுகின்றன,
கோட்டை மைதானத்தில் விடிகாலை நடப்பவர்கள் மாதிரி
போய்ச் சேர ஓரிடமில்லாமல்.

தெரிந்ததெல்லாம் செய்தேன்.
அணைத்துப் போட்டேன்.
ரௌட்டரையும் அணைத்துப் போட்டேன்.
அப்டேட் சேவையை நிறுத்தி
அது இறக்கி வைத்த கோப்புறையின் பெயரோடு
'பழசு' என்று சேர்த்து
மறுபடி கிளப்பிவிட்டேன்.
ஆறு ஜிபி காலி செய்தேன்;
அதில் மச்சினன் கல்யாண வீடியோவும் போயிற்று,
யாரிடமும் சொல்லவில்லை.
'இந்தத் தளத்தை நம்ப முடியாது' என்று
பேங்க் பக்கத்தையே சொன்னது.
கொழுப்பைப் பார் என்றேன்.

பூஜ்யம்.

பகலெல்லாம் குடித்த வெயிலை
மலைப்பாறை தெருவுக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.
மின்விசிறி அதை எனக்குப் பங்கிட்டது.

பதினொன்றே காலுக்குப் படியில் செருப்புச் சத்தம்.
இருநூற்று ஆறு. தபன் சர்க்கார்.
மால்டாவில் பள்ளிக்கூட கிளார்க்.
கையில் சாயங்காலம் நான் அடித்துக் கொடுத்த பில்,
நாலாய் மடித்தது.
எனக்கு வங்காளத்தில் பத்துப் பன்னிரண்டு சொல் தெரியும்:
தண்ணீர், சாவி, பாக்கி, லிஃப்ட் இல்லை.
அவருக்குத் தமிழில் உட்காருங்க, நாளைக்கு, டோக்கன்.
டோக்கனும் தமிழென்றே நினைக்கிறார்.

பில்லில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.
"ஆஜ் ஷொதேரோ. செவன்டீன்."
அங்கே இருந்தது
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.
இதற்கு ஆபீஸில் பணம் தரமாட்டார்களாம்.
அந்தத் தேதியில் அவர் மனைவி
நடந்தே சந்தைக்குப் போய்வந்துகொண்டிருந்தாராம்.

திரையின் மூலையைப் பார்த்தேன்.
மூன்று நாளாய் அங்கேயேதான் இருந்திருக்கிறது.
டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போன அன்று
உள்ளே பொட்டளவு செல்லிலும் உயிரில்லாமல்
தான் பிறந்த வருஷத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது.
நேற்று கையெழுத்தான சான்றிதழை
இன்னும் வராத நாளில் எழுதியது என்று
கதவைச் சாத்தியிருக்கிறது.
அதன் கணக்கில் அது சரிதான், பாவம்.

தேதியை மாற்றினேன்.
மாதத்தில் தடுமாறியபோது அவர்தான் சொன்னார்.
மூன்று நாளைக்கு என்று வந்தவர்,
இன்றோடு எத்தனை என்பதையும்
நான் கேட்காமலே காட்டினார்:
இரு கையையும் நாலு தடவை விரித்து
அப்புறம் ஒரு விரல்.

ஒன்று.
நான்கு.
ஏழு.
"போவுது, போவுது!" என்று கத்திவிட்டேன்.

அவர் பார்க்கவில்லை.
புது பில்லை ட்யூப்லைட் அருகே தூக்கிப் பிடித்து,
ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சோதிப்பது போல்
தேதியைப் பார்த்தார்.
சட்டைப்பையில் வைத்துப் படியேறினார்.

செல் முப்பது ரூபாய்.
லாங் பஜாரில் வாட்ச் கடை திறக்கப் பத்தாகும்.
அதுவரை ஒயரைத் தொடாதே என்று
தமிழில் எழுதி ஒட்டினேன்.
வங்காளத்தில் எழுத வராது,
மண்டையோடு ஒன்று வரைந்தேன்.
அறுபத்திரண்டில் தூங்கிப்போனேன்.

விழித்தபோது நாலே முக்கால்.
வணக்கம் என்றிருந்தது திரையில்.
மூலையில் பதினெட்டு.
தபன் ஃபிளாஸ்க்கோடு இறங்கிக்கொண்டிருந்தார்,
வரிசையில் முன்னால் நிற்க.
நாற்பத்திரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவருக்குத் தெரியாததா.
"சாபி, தாதா" என்றேன்.
மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.