நடுவில் ஒரு ப்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தது.
எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாய்க் கடக்க
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற தேசப்பன்
"நாப்பத்திநாலு மிஸ், உங்களுக்கு எவ்ளோ?" என்றான்.
நான் எண்ணவில்லை.
மணி ஒன்பது இருபது. இரண்டு பேருக்குமே தாமதம்.

இரண்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர்.
பாய்க்கு ஐந்து பேர், இருபது நிமிடம்.
மற்றவர்கள் ஸ்லேட்டில் எதையாவது வரையட்டும்,
கத்தட்டும்,
அந்த இருபது நிமிடம் எனக்குக் காது கேட்காது.

ஜூனில் குழுக்களுக்குப் பூக்களின் பெயர் வைத்தேன்,
யார் எந்த நிலை என்று
தெரியாமல் இருக்கட்டுமே என்று.
மூன்றாம் நாள் யுவஸ்ரீ கேட்டாள்:
"செம்பருத்தின்னா படிக்க வராதவங்கதானே மிஸ்?"
சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
செம்பருத்தி கூடிப் பேசி
வஞ்சிரம் ஆனது.
காசிமேட்டில் அதற்குத்தான் விலை அதிகமாம்.
முல்லைக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை.

வஞ்சிரம் இதுதான்:
அப்சல், எழுத்தைப் பார்க்காமல்
என் வாயைப் பார்த்துப் படிப்பவன்.
வாயைப் புத்தகத்தால் மூடினால்
கண்ணைப் பார்ப்பான்.
மோனலிசா, 'பழம்' என்பதன் கீழே விரல் வைத்து
பயம் என்பாள்.
பயம் இல்லை, பழம் என்பேன்.
"அத்தான் மிஸ் நானும் சொல்றேன், பயம்."

ஜெனிட்டா முணுமுணுப்பாள்.
ஆகஸ்டில் ஒருநாள்
சரக்கு ரயில் போய் முடிந்த அமைதியில்
அவள் உதட்டருகே காதை வைத்தேன்.
ஒரு பக்கம் முழுக்க, பிழையில்லாமல்.
எத்தனை மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாளோ.
பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
'எழுத்து அறியவில்லை'
என் கையெழுத்தில் இருந்தது.
முல்லைக்குப் போ என்றதும் அழுதாள்.
வஞ்சிரத்திலேயே இருக்கிறாள்.

கீர்த்திவாசனுக்கு ஒரு மூலை உண்டு.
அவன் வராத நாட்களில்
பாய் அங்கே சுருண்டுகொள்ளும்.

பிறகு தேசப்பன்.
குடையைத் தொலைத்த நண்டின் கதையை
வரி பிசகாமல் சொல்வான்.
இரண்டு பக்கம் தள்ளித் திருப்பிக் கொடுத்தேன்.
நண்டு அதே மழையில்
அதே குடையைத் தேடியது.
படத்தில் வெயில்.

நேற்று பதினொன்றரைக்கு
டப்பென்று ஒரு சத்தம், கரண்ட் போனது.
பாயைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தோம்.
சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர்.
மஞ்சள் தகட்டில் மண்டை ஓடு,
காக்கை எச்சம் வழிந்த நாலு எழுத்து.
தேசப்பன் நண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அ."
"அப்."
"அப்பா மிஸ்!"

நான் வாயைத் திறக்கவில்லை.
அப்சல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேசப்பன் கழுத்தை நீட்டினான்.
காற்றில் விரலால் ஒரு புள்ளி வைத்தான்,
அதையே உள்ளங்கையால் அழித்தான்.
"நடுவுல ப் இல்ல மிஸ்.
அப்ப அப்பா இல்ல."
பிறகு யாரும் கேட்காமலே
"அ... பா... ய... ம்."

"பயம் மாதிரி" என்றாள் மோனலிசா.
"பழமா?" என்றான் அப்சல்.

பதிவேட்டில் நான்கு கட்டம்தான்:
எழுத்து, சொல், வாக்கியம், கதை.
தேசப்பனுக்கு 'சொல்'லில் டிக் போட்டேன்.
பேனா அங்கேயே கொஞ்சம் நின்றது.

தோளுக்குப் பின்னால் மூச்சு.
ஜெனிட்டாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது,
பெயர் பெயராக, மேலிருந்து கீழே.
எதிர்ப்பக்கத்தில் ஜூலை மாதம்.
உள்ளங்கையை விரித்து
அதன்மேல் வைத்துக்கொண்டேன்.