மூன்றாம் பீப்பாய்

எங்கள் கட்டிலின் மின்போர்வை
ஒன்பது நாளாய் மூன்றாம் பீப்பாயின் இடுப்பில் இருக்கிறது.
டூகல்தான் கொண்டுபோய்ச் சுற்றினான்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டேன்,
அது வேறு கதை.

ஜூன் மாதம்.
டாஸ்மேனியாவின் இந்த வடக்குச் சரிவில்
ஜூன் என்றால் நடுக்குளிர்.
கொடிகள் கம்பியில் வெறும் குச்சிகள்.
இருட்டியதும் வாலபிகள் வந்து
கவாத்து செய்து போட்டதை முகர்ந்துவிட்டுப் போகின்றன,
பிடிக்கவில்லை போலும்.

மொத்தம் பதினோரு பீப்பாய் எங்கள் ராஜ்ஜியம்.
பத்தில் ரீஸ்லிங் ஒழுங்காய்ப் புளித்து முடித்து
சமர்த்தாய் உறங்குகிறது.
இது மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது.
சர்க்கரை இருக்கிறது, ஈஸ்ட்டும் இருக்கிறது,
ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல்
ஒரே மரத்துக்குள் கிடக்கின்றன.
(சிரிக்காதீர்கள். எனக்கும் தோன்றியதுதான்.)

பக்கத்துத் தோட்டத்து ஆன்னெகா
ஒரு பொட்டலம் நீட்டினாள்.
"கடை ஈஸ்ட். அரை நாளில் எழும்பிவிடும்."
டூகல் நன்றி சொல்லி வாங்கி
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.
இந்தச் சரிவில் பிறந்ததே இதை முடிக்கட்டும் என்கிறான்.
முடிக்காவிட்டால்?
முந்நூறு பாட்டில்.
ஆகஸ்ட்டில் வங்கித் தவணை.

ஹோபார்ட்டின் பெரிய கம்பெனி சொன்ன விலைக்கு
நான் சரி என்றேன்,
அவன் இல்லை என்றான்.
அன்றிலிருந்து
உப்பு எங்கே, நாய்க்கு வைத்தாயா,
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
பாதம் இரண்டும் மீன்போல் சில்லிட்டு விழித்தேன்.
பக்கத்தில் அவன் இல்லை.
கொட்டகையில் விளக்கு.
கோபத்தோடுதான் போனேன், சத்தியமாக,
போர்வையைப் பிடுங்கிக்கொண்டு வர.

கம்பளித் தொப்பியை ஒரு பக்கம் தூக்கிவிட்டு
பீப்பாயில் காதை ஒட்டி நின்றிருந்தான்.
என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தான்.
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

நானும் காதை வைத்தேன்.
ஓக் பலகை வெதுவெதுப்பாய் இருந்தது,
முதலில் அது மட்டும்தான்.
அப்புறம் போர்வையின் ரீங்காரம்,
வெளியே குட்டையில் தவளை.
அப்புறம்
ஒன்று.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.
தூக்கத்தில் யாரோ உதட்டைப் பிரிப்பது போல.

"அதுவா?" என்றேன்.
"அதுவாகவும் இருக்கலாம்,
என் வயிறாகவும் இருக்கலாம்."

போர்வையை நான் அவிழ்க்கவில்லை.
சூட்டை ஒரு புள்ளி ஏற்றினேன்,
அவன் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு
உறைபனி நொறுங்க நடந்து திரும்பினேன்.

கம்பெனியின் கடிதம் இன்னும்
குளிர்பெட்டிக் கதவில், எலுமிச்சை காந்தத்தின் அடியில்.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.
இன்று புதன்.