தராட்டா வேலி

நெல்சன் மலைச்சரிவில்
டெர்மட்டின் புது மாடி ஜன்னல்
நைரியின் துணிக்கொடியைப் பார்த்தே திறந்தது.

பதினொரு தராட்டா கன்று நட்டாள்,
முழங்கால் உயரம்.
அந்த மண்ணின் மரம், உறைபனிக்கும் இலை உதிர்க்காது,
வருஷத்துக்கு ஒரு முழம், சில வருஷம் இரண்டு.
அதுவரை உள்ளாடைகளைப்
போர்வைக்குப் பின்னால் காயப்போட்டாள்.

நான்காம் வருஷம் கண்ணாடியின் அடிவிளிம்பு போயிற்று.
ஐந்தாவதில் ஜன்னலே இல்லை.
கூடவே, இரவு மூன்று மணிக்கு
எரியும் அந்த விளக்கும்.
அவருக்கும் தூக்கம் வராதென்று
அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இன்று ஏணி போட்டு நுனி வெட்டுகிறாள்.
அறுபட்ட இலையில் எலுமிச்சை வாசம்.
அவள் நிறுத்தினால்
அந்தப் பக்கமும் ஒரு கத்தரிக்கோல் நிற்கிறது.

“உயரம் போதுமா?”
இலைக்குள்ளிருந்து குரல்.

“இன்னும் ஒரு சாண்” என்றாள்,
ஏணியில் ஒரு படி
மேலே ஏறி.