மாங்காய் லோடு

சொக்கராஜுப்பேட்டை சட்டமன்றத் தொகுதி
அறுபத்திரண்டில் பிறந்து
இரண்டாயிரத்தெட்டில் அரசிதழில் செத்தது.
அது பிறக்கும் முன்பு
எங்கப்பா ஆந்திராவுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்,
இதே பள்ளிக்கூடத்தில், இதே வெயிலில் நின்று.
எல்லை நகர்ந்தது. வரிசை நகரவில்லை.

பழைய முடிவுகளின் பட்டியலில் எங்களுக்கு அரைப்பக்கம்:
ஆண்டு, வென்றவர், சின்னம், வித்தியாசம்.
எண்பதுக்கு நேரே பதினான்கு என்று இருக்கிறது.
அந்தப் பதினான்கை ஓட்டியவன் நான்.

ஏணிச் சின்னத்தில் நின்றவர் சென்னகேசவலு.
டிராக்டர் அவருடையது, டீசல் அவருடையது.
வாக்காளரை வண்டியில் ஏற்றக்கூடாது என்ற சட்டம்
சர்க்காருடையது.
அதனால் டிரெய்லரில் பத்துக் கூடை பங்கனபள்ளி,
கூடைகளுக்கு நடுவே
தறிக்காலனி ஆட்கள் பதினேழு பேர்.
"யார் கேட்டாலும் மண்டிக்குப் போறோம்னு சொல்லுங்க."
"பூத் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டா?" என்றாள் தேசம்மா.

காலை பத்தேகால்.
தரைப்பாலத்து இறக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி.
அவ்வளவுதான் என் தரப்பு வாதம்.

எஞ்சின் நின்றது, டிரெய்லர் படுத்தது.
காய் உருளும் சத்தம்தான் முதலில்.
ஆட்கள் கத்தியது அப்புறம்.

யாரும் சாகவில்லை.
கை ஒன்பது, கால் நாலு, மற்றது வீக்கம்.
எல்லோரையும் ஒரே பஸ்ஸில் புத்தூருக்குக் கொண்டுபோனோம்.
கட்டுப்போடும் ராஜு முட்டையை உடைத்து ஊற்றி
பச்சிலை விழுதைத் தடவி
மூங்கில் தப்பை வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டார்:
"மீ ஊர்லோ எலக்சன் கதா, ஓட்டு வேசாரா?"
தேசம்மாவின் இடது ஆள்காட்டி விரலில் மை இல்லை.
மஞ்சள் கரு இருந்தது.

ஐந்து மணிக்குப் பெட்டிக்கு அரக்கு வைத்தார்கள்.
ஸ்டேஷனில் எழுதினார்கள்:
மாங்காய் லோடு கவிழ்ந்தது,
கூலியாட்கள் பதினேழு பேருக்குக் காயம்.
வேறெப்படி எழுதுவது?
ஓட்டு என்று எழுதினால் சென்னகேசவலுவே குற்றவாளி.
மறுஎண்ணிக்கையில் பதினாறு பதினான்காகி
அதோடு நின்றுவிட்டது.

'காசு வாங்கிட்டான் டிரைவர்' என்று பேச்சு.
அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை.
அதுதான் தாங்கவில்லை.
இருபத்தாறு வருஷம் அதே சீட்டு.
கல்யாணப் பந்தியில் இலை எண்ணிக்கொண்டு வருவார்,
பதினான்காவது இலையில்
ஒரு நொடி நிற்பார்.

நான் இதை யாரிடமும் சொன்னதில்லை:
அன்றைக்கு ஏழு மணிக்கே என் ஓட்டைப் போட்டுவிட்டேன்,
தையல் மிஷினுக்கு.
காரணம் பெரிசில்லை, ரெண்டு மாசம் படி பாக்கி.
தெரிந்து நான் கவிழ்த்தது அது ஒன்றுதான்.
சொன்னால் கன்றுக்குட்டியை யார் நம்புவார்கள்?

தொகுதி போன வருஷம்
தாலுகா ஆபீசில் புது வரைபடம் ஒட்டியிருந்தார்கள்.
தேசம்மா ஊரைத் தேடினாள்.
கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டு அவளுக்கு:
விரல் ஒரு இடத்தைக் காட்டும்,
கண் இன்னொரு இடத்தைப் பார்க்கும்.
"பேட்டையையே காணோமே."
பிறகு, இனி என்ன என்கிற தைரியத்தில்,
"அன்னைக்கு வண்டியில நாங்க நாலு பேரு
மிஷினுக்குத்தான் போட இருந்தோம்."

பதிமூன்று இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம்.
நின்ற இடத்திலேயே விரல்விட்டு எண்ணினேன்.
ஒழுங்காக ஓட்டிப் போய் இறக்கியிருந்தாலும்
ஐந்து ஓட்டில் தோல்வி.
சென்னகேசவலு போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.
அவர் மகனிடம் சொல்லலாம். சொல்லவில்லை.
சொன்னால் என் ஓட்டையும் சொல்லவேண்டி வரும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தேசம்மா கேட்டாள்:
"அந்த மாங்காயெல்லாம் யாரு தின்னாங்க?"
எனக்குத் தெரியாது.
போலீஸ் வரும்போது நாலு கூடைதான் இருந்தது.