கரண்டிச் சோறு

கலங்கல் தண்ணீரில் கண் உதவாது.
கொள்ளிடத்தில் முங்கினால்
விரல்தான் கண்.
பதினோரு வருஷம் விரலால்தான் பார்த்தேன்:
லாரிகள் அள்ளிப்போன மணலின் பள்ளம்,
அறுந்த வலை, கருவேலங்கிளை,
ஒற்றைச் செருப்பு.

அன்றைக்கு அணைக்கரைக்குக் கீழே
மூன்றாவது முங்கலில்
பாசி என்று நினைத்துப் பிடித்தேன்.
பாசிக்கு ரிப்பன் கட்டியிருக்காது.

கரையில் கையெழுத்துக் கேட்டார்கள்.
நேரம் மாலை நாலு நாற்பது என்று எழுதினேன்.
திரும்பும் வழியில் பக்கிரிசாமி வைப்பர் போட்டான்.
மழையே இல்லை.
பார்த்தேன், கேட்கவில்லை.
அவனும் என் கையைப் பார்த்தான், கேட்கவில்லை.
எங்கள் ஸ்டேஷனில் கயிற்றுக்குக் கணக்கு உண்டு,
ஹோஸுக்குக் கணக்கு உண்டு,
லைஃப் ஜாக்கெட்டின் கிழிசலுக்குக்கூட
ஒரு பதிவேடு உண்டு.

இரவு தையல்நாயகி சாம்பார் ஊற்றினாள்.
பிசையக் கை வைத்தேன்.
அடியில் ஏதோ விரலில் தட்டியது.
முருங்கைக்காய்தான்.
கொல்லைப்பக்கம் ஓடினேன்.

அதற்கப்புறம் கரண்டி.
கல்யாணப் பந்தியில், வாழையிலையில்,
கரண்டியால் சாப்பிடுகிறவனைப் பார்த்து
மச்சினன் "துரை" என்றான்.
எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.
அன்றைக்கு வாய்க்கால் மதகில் வண்டியை நிறுத்திவிட்டுப்
பத்து மணிவரை வீட்டுக்குப் போகவில்லை.

மகளுக்குத் தலை பின்னும் நேரம் பார்த்து
டூட்டி மாற்றிக்கொண்டேன்.
தையலுக்கு அது தெரிந்திருக்கிறது.
கும்பகோணம் பெரியாஸ்பத்திரியில்
அவளே விசாரித்துவிட்டு வந்தாள்.
"வெள்ளிக்கிழமை. பதினேழாம் நம்பர் ரூம்.
பல்லு வலின்னு லீவு எழுதிக்குங்க."

பல்வலி என்றுதான் எழுதினேன்.

டாக்டர் ஷமீமா தைரியம் சொல்லவில்லை.
ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது,
முழிக்கும்போது கை எங்கே இருக்கும் என்று கேட்டார்.
கை என்றதும் அழுதேன்.
வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.
கேட்கட்டும்.

மாத்திரையில் வாய் உலர்ந்தது.
முதல் மாசம் ஒன்றும் மாறவில்லை.
இரண்டாம் மாசம் தூக்கம் வந்தது,
கூடவே கோபமும் வந்தது, டம்ளர் ஒன்று நசுங்கியது.
தாம்பாளத்தில் பச்சரிசி கொட்டிக்
கண்ணை மூடித் துழாவச் சொன்னார் டாக்டர்.
படுவது எதுவோ அதன் பெயரை
வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
அரிசி. அரிசி. கல். அரிசி.
மகள் எதிரே வந்து உட்கார்ந்து
எதையோ உள்ளே ஒளித்துவைத்தாள்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
பட்டன், என்றேன்.
எந்தச் சட்டை பட்டன், என்றாள்.

ஆறாம் மாசம் டீக்கடையில்
பக்கிரிசாமியிடம் சொன்னேன்,
அது பல்வலி இல்லடா என்று.
கிளாஸைக் கீழே வைத்தான்.
"எந்த ரூம்?" என்றான்.

இப்போது பிணம் எடுத்த நாளில்
வண்டி நேரே ஸ்டேஷனுக்குத் திரும்புவதில்லை.
பந்தநல்லூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிற்கும்.
பேசுகிறவன் பேசலாம்.
பேசாதவன் டயரைத் தட்டிப் பார்க்கலாம்.
வயர்லெஸ்ஸில் எங்கே என்று கேட்டால்
காற்றுப் பிடிக்கிறோம் என்போம்.
பொய் இல்லை.

குணமாகிவிட்டதா என்கிறார்கள்.
மேட்டூர் திறந்தாலும்
தண்ணீர் என்றைக்கு வரும் என்று
கடைமடைக்காரன் எவனும் தேதி சொல்லமாட்டான்.
முதலில் வாய்க்காலில் நுரை வரும்,
சருகு வரும், செத்த நண்டு வரும்.
வந்துவிட்டது என்று ஒருவன் கத்துவான்.
கணுக்கால் நனைய
இன்னும் இரண்டு நாள் ஆகும்.

நேற்று தயிர்சாதத்தைக் கையால் பிசைந்தேன்.
தையல் பார்க்காததுபோல் பார்த்தாள்.
சாம்பாருக்கு இன்னும் கரண்டிதான்.
முருங்கைக்காய் தனிக் கிண்ணத்தில் வருகிறது.

காலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்க,
மகள் தலையைத் திருப்பிக்கொண்டு
ரிப்பனை என்னிடம் நீட்டினாள்.
இடது சடைக்குக் கட்டினேன், கோணலாக.
வலது சடைக்கு
அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.