மூழ்கும் எண்ணெய்

எண்ணெய் மிதக்கும் என்று சொன்னவர்
எங்கள் கொதிகலனைப் பார்த்ததில்லை.
கிராம்பிலை எண்ணெய் மூழ்கும்.
ஆவி குளிர்ந்து சொட்டும் வாளியில்
தண்ணீர் மேலே நிற்க
இது அடியில் போய் உட்காரும்,
கடன்காரன் கதவைத் தட்டும்போது
கட்டிலுக்கடியில் பதுங்கியவனைப் போல.

ஃபெனுவாரிவுக்கு மேற்கே இரண்டு குன்று தாண்டி
இருபத்தாறு மணி நேரம் தீ காத்தேன்.
நானூறு கிலோ இலை.
விறகு ஈரம்; இந்த வருஷ மழை
யார் பேச்சையும் கேட்கவில்லை.
கிடைத்தது ஏழு லிட்டர்,
மேலே ஒரு கரண்டி.

வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு.
முதல் வருஷம், எதிலும் கலக்காமல்
கொசுக்கடிமேல் தடவிப் பார்த்தது.
மூன்று நாள் எரிந்து உரிந்தது.
அடியிலிருந்து வந்த தோல்
இன்னும் என் நிறத்துக்குத் திரும்பவில்லை.
அப்புறம்தான் கணக்குப் பிடிபட்டது:
தேங்காயெண்ணெய் ஒரு குழிக்கரண்டிக்கு
இது இரண்டே சொட்டு.
வயல் சேற்றில் வெந்த விரலிடுக்குக்கு அது போதும்.
பக்கத்து வீட்டு ஜாவுஸாஃபியின் பருவுக்கு
அதில் பாதி.
கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் வாங்குபவரின் மேசையில்
வழவழப்பான துண்டுச்சீட்டுகள்.
அதில் ஒருத்தி கண்ணை மூடிச் சிரிக்கிறாள்.
மனம் லேசாகும், மேனி பொலியும் என்று
எடைக்காரர் வாசித்துக் காட்டினார்.
இருக்கலாம்.
நானும் கொதிகலன் முன்னால்
கண்ணை மூடுவேன்,
புகைக்கு.

வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றான் தூம்பு.
போன மாதம் யாரோ கொண்டுவந்த கேன் ஒழுகி
இருக்கையின் பிளாஸ்டிக் இளகிவிட்டதாம்.
இது கண்ணாடிக் குடுவை,
மடியைவிட்டு இறக்க மாட்டேன் என்றேன்.
ஏறியதும்
முன்னால் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள்.
ஒரு கோழி மட்டும் முகத்தைச் சுளிக்கவில்லை.

மஹாம்போவில் ஒருவர் ஏறினார்.
காலணியில் செம்மண், புதிதாகத் தோண்டியது.
கட்டணத்தை எண்ணும்போது
நோட்டு மூன்று முறை கீழே விழுந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
எல்லோரும் குடுவையைவிட்டு விலக
அவர் மட்டும் அதன் பக்கம் சாய்ந்தார்.
'மொட்டா?'
'இலை.'
'தம்பி சட்டை எல்லாம் இந்த வாசம்தான்.
எத்தனை துவைத்தாலும்...'
அதற்குமேல் சொல் வரவில்லை.
வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

தக்கையைத் தூக்கினேன்.
அவர் பையில் ஒரு இருமல் மருந்துக் குப்பி, காலி.
கோழிக்காரி பிடித்துக்கொள்ள
ஒரு கரண்டி ஊற்றினேன், சிந்தாமல்.
தோலில் நேராகப் படக் கூடாது என்றேன்.
படுக்கும்போது துணியில் ஒரு சொட்டு,
தலைமாட்டில் வேண்டாம், கொஞ்சம் தள்ளி.
மருத்துவர் சொன்னதைப் போலத்
தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

துக்கம் குறைந்ததா, எனக்குத் தெரியாது.
அது நீரா எண்ணெயா,
எது மேலே நிற்கும், எது அடியில் தங்கும்,
யார் பிரித்துப் பார்த்தது?
மஹாவெலுனா வருவதற்குள் தூங்கிப்போனார்.
தலை என் தோளில்.
எச்சில் என் சட்டையில்.
தோமாசினா வரை நான் அசையவில்லை,
தோள் மரத்துப்போயிருந்தது,
கிராம்பு வைத்த பல்லைப் போல.

ஏழு லிட்டர், சரியாக என்றார் எடைக்காரர்.
'ஒரு கரண்டி கூட இருக்கிறது என்று
போனில் சொன்னாயே, சுவாஃபாரா?'
'ஆவியாகிவிட்டது.'
'கிராம்பெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகாதே.'
'இந்த முறை போனது.'

பணத்தை எண்ணி இடுப்பில் செருகினேன்.
துண்டுச்சீட்டு நாலைந்து கிடைக்குமா என்றேன்.
அவருக்கு ஒரே சந்தோஷம்,
ஊரில் எல்லோருக்கும் கொடு என்றார்.
கொடுக்கலாம்.
நாளைக்கும் விறகு ஈரமாகத்தான் இருக்கும்,
தீ பிடிக்க
நல்ல காகிதம் வேண்டும்.