பதினொன்று புள்ளி நான்கு

ஏற்காட்டில் காலை எட்டரைக்கு
மழை எனக்காகக் காத்திருக்கும்,
தாலுகா ஆபீஸ் பின்பக்கம், கம்பிவேலிக்குள்.
கண்ணாடிக் குழாயில் ஊற்றிக்
கண் மட்டத்துக்கு உயர்த்துவேன்.
நீர் விளிம்பில் ஏறியிருக்கும், நடுவில் தாழ்ந்திருக்கும்.
தாழ்ந்ததைத்தான் எழுத வேண்டும்.

அளக்கிறேன் என்று சொல்லக் கூச்சம்.
இங்கே மிளகை நிறுக்கிறார்கள்,
காப்பிப் பழத்தை எடை போடுகிறார்கள்,
ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கிறார்கள்.
அளப்பதற்கென்று மிஞ்சியது
பால், நிலம், கதை.
சர்வேயர் வந்தால் நாய்கூட எழுந்து நிற்கும்.
கதை அளப்பவனுக்கு டீக்கடை பெஞ்சில்
தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்.

"நேத்து எவ்ளோ சார் அளந்தீங்க?"
செம்மடுவு எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியநாதன்
தினமும் கேட்பார்.
எந்த அர்த்தத்துக்குச் சிரிக்கிறார் என்று காட்டமாட்டார்.

பங்குனியில் ஓர் இரவு
வளர்மதிக்கு வலி கண்டது.
இருபது கொண்டை ஊசியும் இறங்கி
சேலம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது
மணி எட்டரை.
எனக்குப் படியளக்கும் ஆபீஸிலிருந்து போன்.
மலை இருந்த திசையில் மேகம் மட்டும் தெரிந்தது.
பதினொன்று புள்ளி நான்கு, என்றேன்.
அந்தப் புள்ளி நான்குதான் காப்பாற்றியது.
வெறும் பதினொன்றை யார் நம்புவார்கள்?

உள்ளே நர்ஸ் தராசைப் பார்த்து
இரண்டு கிலோ எழுநூறு என்றாள்.
அதில் ஒரு கிராம்கூட நான் சேர்க்கவில்லை.

மறுநாள் மலையேறி வந்து திறந்தேன்.
புனலில் ஒரு சில்வர் ஓக் இலை.
கீழே, காய்ந்த போத்தல்.

ஆரோக்கியநாதன் வேலியோரம் நின்றிருந்தார்,
கக்கத்தில் மடித்த பேப்பர்.
"பதினொன்னு பெஞ்சிருக்கே, பூமழை ஆச்சே,
மோட்டார் எதுக்குங்கறார் முதலாளி.
எங்க பக்கம் பொட்டுத் தண்ணி இல்ல.
காப்பி மொட்டு பேப்பர் படிக்காது சார்.
நெஜமா அளந்தீங்களா,
இல்ல,
அளந்தீங்களா?"

ஒரே சொல்.
இரண்டாவது தடவை அதை
கொஞ்சம் இழுத்தார், அவ்வளவுதான்.
"ஆமாம்" என்றேன்.
எந்தக் கேள்விக்கு என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என் கையிலிருந்த குழாயை வாங்கி
கண் மட்டத்துக்கு உயர்த்தினார்.
வெறும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவருடைய கண் பெரிதாகத் தெரிந்தது.
பிறகு போனை எடுத்து
மோட்டார் போடச் சொன்னார்.

போகும்போது கேட்டார்:
"கொழந்தைக்குப் பேர் வெச்சாச்சா?"